கட்டுப் பிரித்த பிறகு

மூன்று வாரத்துக்கு மேல் மாவுக்கட்டுக்குள் கிடந்த கை வெளியே வரும்போது பார்க்க நன்றாக இருக்காது. தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். முன்கை இளைத்திருக்கும், விரல்களோ வீங்கிப் பளபளக்கும். தையல் போட்ட இடங்களில் காய்ந்த ரத்தமும் மாவுத் தூளும் ஒட்டிக்கொண்டிருக்கும். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போய், பல ஆண்டு கழித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்தக் கையைப் பார்த்ததும் முதலில் மகிழ்ச்சிதான் வரும். விரல்கள் நேராக இருக்கின்றன! உடனே அவற்றை அசைத்துப் பார்க்க முயல்வார். ஒன்றும் நடக்காது.

"அண்ணே, விரலை மறந்துடுங்க. மணிக்கட்டை மட்டும் மெதுவா பின்னாடி தூக்குங்க" என்பார் பிசியோதெரபிஸ்ட்.

அவர் மணிக்கட்டைத் தூக்குவார். உள்ளங்கையோடு விரல்கள் சேரும் அடிக்கணுக்கள் நான்கும் மெல்ல மடங்கும். விரல்கள் மட்டும் நேராகவே நிற்கும். பத்து ஆண்டுகளாக வராத அசைவு அது. மணிக்கட்டைத் தூக்கச் சொன்னால் விரல் ஏன் அசைகிறது என்று அவருக்குப் புரியாது. அறுவை மேசையில் நடந்ததே அதுதான். மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு தசைக்கு அங்கே வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். செய்தி தசைக்குப் போய்விட்டது. மூளைக்கு இன்னும் போகவில்லை. அதைக் கொண்டுசேர்க்கும் வேலை அடுத்த பல வாரங்களுக்கு நடக்கும்.

கை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அறுவை மருத்துவரின் கத்தியோடு நின்றுவிடும். அது பாதிக் கதைகூட இல்லை. மறுசீரமைப்பு அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். அந்தக் கை சோறு பிசையுமா, சட்டைப் பித்தானைப் போடுமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் முடிவாகும். இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானது வேலூர்.

கையின் அமைப்பே விசித்திரமானது. விரல்களை அசைக்கும் தசை எதுவும் விரல்களுக்குள் கிடையாது. பெரிய தசைகள் முன்கையில், முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் வழியாக அவை விரல்களை இழுக்கின்றன. இவற்றோடு உள்ளங்கைக்குள் சின்னஞ்சிறு தசைகள் சில உண்டு. உள்ளங்கை எலும்புகளுக்கு இடையில் ஏழு, தசைநாண்களோடு ஒட்டி நான்கு. அவை செய்வது நுட்பமான வேலை: விரலின் அடிக்கணுவை மடக்கி, மேலே உள்ள இரண்டு கணுக்களையும் நேராக வைப்பது. பேனா பிடிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் இந்த நிலையில்தான். கவளம் எடுப்பதும் அப்படியே.

இந்தச் சிறு தசைகள் செயலிழந்தால் கையின் சமநிலை குலைந்துவிடும். அடிக்கணு பின்னால் வளையும். மேல் கணுக்கள் இரண்டும் உள்ளே மடங்கும். கை கொக்கியாகிவிடும். பிடிக்கும் வலிமை இருந்தும் பிடிக்க முடியாது. நல்ல விரல் ஒரு பொருளைப் பிடிக்கும்போது முதலில் அடியில் மடங்கி, பொருளைச் சுற்றி வளைத்து, கடைசியில் நுனியை மூடும். மடங்கிப்போன விரலில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. நுனி முதலில் சுருண்டு பொருளை வெளியே தள்ளிவிடும். தட்டில் உள்ள சோற்றை அள்ளப் போனால் நகங்கள்தான் முதலில் தட்டில் படும். சோறு விரலிடுக்கில் வழிந்துவிடும். கையால் சாப்பிடும் ஊரில் இது மூன்று வேளையும் நேரும் சங்கடம்.

இந்தக் கைகளை நிமிர்த்தும் வேலையை வேலூரில் தொடங்கிய பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிப் பெற்றோரின் மகன். லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டார். அந்தப் பழக்கம் பின்னால் அவருக்கு மிகவும் உதவியது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செத்த கை, தளர்ந்துதான் இருக்கும் என்று நினைத்திருந்தார். நகங்கள் அவர் கையில் பதிந்து வலித்தன. அந்த வலியில் அவருக்கு ஒன்று பிடிபட்டது: முன்கைத் தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன.

காரணம் பிறகு விளங்கியது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். உடலின் ஆழத்தில் ஓடும் நரம்பை அது பெரும்பாலும் விட்டுவிடும். தோலுக்குப் பக்கத்தில் மேலெழுந்து வரும் இடத்தில் தாக்கும். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அந்த அல்னார் நரம்பு முழங்கைப் பக்கத்தில் வீங்கி நசுங்கும். இன்னொரு நரம்பான மீடியன் மணிக்கட்டருகே அடிபடும். அதற்கு மேலே கிளை பிரிந்து முன்கைக்குப் போகும் நரம்புகள் தப்பித்துக்கொள்ளும். எனவே வலுவான தசைகளில் ஒன்றின் தசைநாணை எடுத்து, செத்துப்போன சிறு தசைகளின் வேலைக்குத் திருப்பிவிடலாம். போலியோவில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியம்தான். தொழுநோயாளியின் தசை நன்றாக ஆறாது என்று அதுவரை பலரும் நம்பியதால் யாரும் துணியவில்லை. 1940-களின் பிற்பகுதியில் வேலூரில் அந்த அறுவைகள் தொடங்கின. சல்போன் மருந்துகளும் அப்போதுதான் வந்து நோயைக் கட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கியிருந்தன.

தசைநாணை மாற்றி வைப்பது எளிது. மூட்டு இறுகியிருந்தால் அந்த மாற்றத்தால் பயனில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. பல ஆண்டுகள் மடங்கியே இருந்த விரலின் நடுக்கணுவில் தோல், மூட்டுறை, தசைநார் எல்லாம் சுருங்கிவிடும். எவ்வளவு நல்ல தசையும் துருப்பிடித்த கீலை இழுத்துத் திறந்துவிடாது. ஆகவே பிசியோதெரபி அறுவைக்கு முன்பே தொடங்கவேண்டியிருந்தது. வேலூரில் அந்தப் பிரிவை வளர்த்தவர் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட். வெந்நீரில் ஊறவைத்து, எண்ணெய் போட்டு நீவி, உருக்கிய மெழுகில் கையைத் தோய்த்துத் தோலை இளக்குவார்கள். மெழுகின் சூடு சற்றுக் கூடினாலே சிக்கல். உணர்ச்சியற்ற கை சுடுவதைச் சொல்லாது. அதனால் முதலில் சோதித்துப் பார்ப்பது பிசியோதெரபிஸ்ட்டின் கைதான்.

இறுகிய கணுவுக்குப் போடுவது விரல் அளவு மாவுக்கட்டு. மெல்லிய பட்டையை நனைத்து விரலைச் சுற்றி உருளையாகக் கட்டுவார்கள். விரலை எவ்வளவு நீட்ட வருமோ அந்த எல்லையில் பிடித்துக்கொண்டே மாவு காயும்வரை காத்திருப்பார்கள். கோண அளவியால் அளந்து குறித்துக்கொள்வார்கள். சில நாள் கழித்து அதை அறுத்துவிட்டு அளந்தால் சில டிகிரி கூடியிருக்கும். திரும்பவும் புதுக் கட்டு. இப்படி மாறி மாறிக் கட்டுப் போட்டு, வளைந்த விரலை வாரக்கணக்கில் நீட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பொறுமை போய்விடும். ஒரே நாளில் மயக்கம் கொடுத்துப் பிடித்து நிமிர்த்திவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பிராண்ட் சொன்ன பதில் அவருடைய முழு வாழ்க்கைக்கும் அடிப்படை. திசு மெதுவான இழுவிசையில் வளரும். வலுக்கட்டாயமான இழுவிசையில் கிழியும். கிழிந்த இடம் வீங்கும். வீக்கத்தில் தழும்பு கட்டும். தழும்பு சுருங்கி, முன்னிருந்ததைவிட அதிகமாக மடக்கும். இதை வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளிடமும் பார்த்திருந்தார். வேலூரில் அந்தக் குழந்தைகளைப் பசியோடு கொண்டுவரச் சொல்வார். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்க, பிராண்ட் பாதத்தை மெல்ல நிமிர்த்துவார். குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே சற்றுத் தளர்த்தி, அந்த நிலையில் கட்டுப் போடுவார். உலகின் மிக நம்பகமான அளவுமானி அது. எந்த நிறுவனமும் இதுவரை அதைவிடச் சிறந்ததைச் செய்யவில்லை.

தொழுநோயாளியின் கையில் அந்த மானி வேலை செய்யாது. அங்கேதான் வேலூரின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

மற்ற நோயாளிகளிடம் பிசியோதெரபிஸ்ட் சண்டை போடுவது வலியோடும் பயத்தோடும். அறுத்த கையை அசைக்கச் சொன்னால் அவர்கள் தோளை அசைப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், விரலை மட்டும் அசைக்கமாட்டார்கள். வலி அவர்களைத் தடுக்கும், கூடவே காப்பாற்றும். நரம்பு செத்த கையில் இது தலைகீழ். பயிற்சியைப் பத்து முறை செய்யச் சொன்னால் நூறு முறை செய்வார்கள். வலிக்கவே வலிக்காது. சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஆசை வேறு. மறுநாள் காலையில் கை வீங்கி, இணைத்த தசைநாண் தளர்ந்துபோயிருக்கும். சொல்லப்போனால் இவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை பாதி நேரம் தடுப்பதுதான்.

வலி இல்லாத கை எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிராண்ட் ஒரு பூட்டில் கண்டார். துருப்பிடித்த பூட்டு, அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து சர்வ சாதாரணமாகத் திருப்பிவிட்டான். நோஞ்சான் பையனுக்கு அவ்வளவு பலமா என்று வியந்தவர் கீழே ரத்தத் துளிகளைப் பார்த்தார். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நம்முடைய பலத்துக்கு எல்லை வைப்பது தசை அல்ல, வலிதான் என்பது அந்த நிகழ்ச்சியில் வெளிப்பட்டது. விரல்கள் தாமாகவே அழுகி உதிர்வதாக ஊர் நம்பியது. உண்மையில் அவை இப்படி ஒவ்வொரு காயமாகத் தேய்ந்தன. இரவோடு இரவாக விரல் குறைந்துபோன சில நோயாளிகளின் மர்மத்தைத் துப்புத் துலக்கியபோது எலிகள் கடித்தது தெரியவந்தது. அதன்பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். பிசியோதெரபியின் வரலாற்றில் பூனைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை எந்தப் பாடநூலும் எழுதுவதில்லை.

வலி இல்லையென்றால் வேறு எதைக் கொண்டு அளப்பது? வெப்பத்தைக் கொண்டு. உள்ளே திசு நொந்துபோனால் அந்த இடம் சுடும். கருமையான தோலில் சிவப்புக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சூட்டைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் பின்பும் பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் விரல்கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, பக்கத்து விரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு கணு மட்டும் சுட்டால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. வீக்கத்தை அளவு நாடாவால் அளந்து எழுதிவைப்பார்கள். பிற்காலத்தில் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இதே யோசனையை வெப்பப் படக் கருவிகளோடு தொடர்ந்தார். கருவி புதிது, தொட்டுப் பார்ப்பது பழையது.

வழக்கமான முறையில் கட்டுப் பிரித்த பிறகான வாரங்கள் ஏறத்தாழ இப்படிப் போகும். முதல் வாரம் ஒரே ஓர் அசைவுதான். சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி கையை மேசையில் வைத்து, விரல்களை நேராக வைத்துக்கொண்டே அடிக்கணுவை மட்டும் மடக்குவது. இப்படி வைத்தால் விரலின் எடையைப் புதுத் தசைநாண் தூக்கவேண்டியதில்லை. சில நிமிடங்கள் செய்து நிறுத்தி, விரல்களை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டை மாட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே நிலையிலிருந்து அடிக்கணுவை மெல்லத் திறப்பது. கையை முழுதாக மூடி முட்டியாக்குவது அதற்கும் பிறகுதான். நோயாளிக்கு முட்டி பிடிக்கத்தான் ஆசையாக இருக்கும். ஆனால் அவசரப்பட்டு நுனியைச் சுருட்டினால் பழைய கொக்கி நிலைக்கே விரல் போய், புதிய இணைப்பு இழுபட்டு நீண்டுவிடும். அதன்பின் களிமண் உருட்டுதல், கட்டைகளை எடுத்து அடுக்குதல், உணவு எடுத்தல். பாரம் தூக்க மூன்று மாதம் ஆகலாம். இந்தக் காலம் முழுவதும் இரவில் ஸ்பிளின்ட் கழற்றக்கூடாது. தூக்கத்தில் யாரும் பயிற்சியை நினைவில் வைத்திருப்பதில்லை.

எந்தத் தசையை மாற்றினார்கள் என்பதைப் பொறுத்துக் கற்றுக்கொடுக்கும் முறையும் மாறும். ஆரம்பத்தில் விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னலின் பெயரால் வழங்கிய முறை. அதில் பிடியின் வலு ஓரளவு குறைந்தது. தளர்ந்த மூட்டுள்ள விரல்களில் திருத்தம் அளவு மீறி, நடுக்கணு எதிர்ப்பக்கம் வளைந்தது. பிறகு பிராண்ட் மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது விரலுக்கு எட்டாது; காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணை நான்கு கிளையாகப் பிரித்து அதனோடு இணைத்தார். இதில் பிசியோதெரபிக்கு ஒரு லாபமும் கிடைத்தது. எதையாவது இறுகப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு தானாகவே சற்றுப் பின்னால் தூக்கும். விரல் மடங்குவதும் மணிக்கட்டு தூக்குவதும் மூளையில் ஏற்கெனவே சேர்ந்து பழகியவை. அந்தப் பழைய நட்பைப் பயன்படுத்திப் புதுவேலையைக் கற்றுக்கொடுப்பது எளிது. எதிரெதிராக வேலை செய்யும் தசையை மாற்றினால் நோயாளி மாதக்கணக்கில் திணறுவார்.

மூளையின் பங்கை அன்றைய மருத்துவர்கள் கண்ணால் பார்க்க வழியில்லை. நோயாளி கற்றுக்கொள்கிறார் என்பதைப் பார்த்தார்கள். 1980-களில் மூளை ஆய்வாளர் மைக்கேல் மெர்சனிக்கும் அவருடைய சகாக்களும் குரங்குகளின் மூளையில் விரல்களுக்கான இடங்களை அளந்தபோது, ஒரு விரலை நீக்கினால் அதற்குரிய மூளைப் பரப்பைப் பக்கத்து விரல்கள் எடுத்துக்கொள்வதைக் கண்டார்கள். வளர்ந்த மூளையின் வரைபடமும் மாறும். வேலூரின் பயிற்சிக்கூடத்தில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்: அசைக்கும்போது கண்ணால் பார், இன்னொரு கையில் அதே அசைவைச் செய், பிறகு கண்ணை மூடிச் செய்.

எல்லாம் சரியாக முடிந்து வீட்டுக்குப் போன சிலர் திரும்பி வந்தார்கள். பிராண்ட் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்களுடைய குறை விசித்திரமாக இருந்தது: இந்தக் கை பிச்சை எடுக்கத் தோதுப்படவில்லை. விரல் நிமிர்ந்துவிட்டதால் இரக்கப்படுவார் இல்லை. தொழுநோயாளி என்று தெரிந்தால் வேலை கொடுப்பாரும் இல்லை. அறுவை வெற்றி, பிசியோதெரபி வெற்றி, ஆள் பட்டினி. இதன் விளைவாக 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. மண்சுவர்க் குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்தார்கள். தச்சு தெரிந்த பிராண்டே கற்றுக்கொடுத்தார். உளியின் கைப்பிடியை எவ்வளவு தடிமனாகச் செய்தால் உணர்ச்சியற்ற உள்ளங்கையில் அழுத்தம் பரவும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கையைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் பட்டறையில்தான் தெரியவந்தது. ஒவ்வொரு கொப்புளத்துக்கும் காரணம் தேடிக் கண்டுபிடிப்பது அங்கே அன்றாட விதி.

பிராண்டின் குழுவில் மேரி வர்கீஸின் கதை தனியானது. கேரளத்திலிருந்து வந்து வேலூரில் படித்த மருத்துவர். 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம், அதற்கு நிற்கவேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். கத்தியைப் பிடித்த கையோடு பயிற்சிக் கூடத்துக்கு மாறிய அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்த வேலைக்குக் கிடைத்திருக்கமுடியாது.

தொழுநோயைத் தாண்டியும் இந்தப் பாடம் செல்லும். வெட்டுக் காயத்தில் விரலின் மடக்கும் தசைநாண் அறுபட்டவர்களுக்கு 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நல்ல வழி இல்லை. விரலின் அடிப்பகுதியில் இரண்டு தசைநாண்கள் இறுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. அங்கே தைத்தால் ஆறும்போது தழும்பு தசைநாணையும் உறையையும் சேர்த்து ஒட்டிவிடும். பாவாடை நாடா அதன் மடிப்புக்குள் ஓரிடத்தில் தைக்கப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? இழுக்க இழுக்க நாடா நகராது, துணிதான் சுருங்கும். அந்தப் பகுதியில் உடனே தைக்கவே வேண்டாம், பிறகு வேறு தசைநாணை ஒட்டலாம் என்று பன்னல் அறிவுறுத்தினார். பல பத்தாண்டுகள் அதுவே சட்டம்.

1967-இல் அமெரிக்காவின் லூயிவில் நகர அறுவை மருத்துவர் ஹரால்ட் கிளைனர்ட் தன் முடிவுகளை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. அவர் உடனே தைத்தார். தைத்த விரலின் நகத்தில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி மணிக்கட்டோடு இணைத்தார். நோயாளி விரலை நீட்டுவார். மடக்கவேண்டியதில்லை, ரப்பரே மடக்கிவிடும். தைத்த இடத்தில் பாரம் விழாது. ஆனால் தசைநாண் உறைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தசைநாண் 3 முதல் 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒட்டாமல் தடுக்கலாம் என்று 1970-களில் டியூரன் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். ரிச்சர்ட் கெல்பர்மேனின் விலங்கு ஆய்வுகளில், அசைத்த தசைநாண் கட்டிப்போட்ட தசைநாணைவிடச் சீக்கிரம் வலுப்பெற்றது. அசைவு காயம் ஆறுவதைக் கெடுக்கும் என்ற பழைய பயம் இந்த ஆய்வுகளால் பெரிதும் விலகியது. இன்று தொழிற்சாலை பிரஸ்ஸில் விரல் கொடுத்தவர்களும் அரிவாள் வெட்டுப் பட்டவர்களும் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கைப் பிரிவுக்கோ கோவையின் கங்கா மருத்துவமனைக்கோ போனால், தையல் காயும் முன்பே பிசியோதெரபிஸ்ட் படுக்கையருகே வந்துவிடுகிறார். அசைக்கும் அளவு, எத்தனை முறை, எந்தக் கோணம் என்று ஓர் அட்டவணையோடு.

ஆச்சரியம் என்னவென்றால், தசைநாண் மாற்றும் அறுவையில் மட்டும் மூன்று நான்கு வார மாவுக்கட்டு வெகுகாலம் நீடித்தது. அங்கே ஒட்டுதல் குறைவு, இணைப்பு பிய்ந்துபோகும் பயமே பெரிது என்பது வாதம். இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டவர் ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்துவந்த சந்தோஷ் ராத். தசைநாண்களை ஒன்றுக்குள் ஒன்று ஊடும் பாவுமாக நுழைத்துத் தைக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கய் பல்வர்டாஃப்ட் பெயரால் வழங்குவது. அது போதிய வலுவுள்ளது என்றால் ஏன் காத்திருக்கவேண்டும்? அறுவை முடிந்த இரண்டாம் நாளே அவர் நோயாளிகளை அசைக்கவைத்தார். 2000-களில் வெளியான அவருடைய ஒப்பீட்டு ஆய்வுகளில் இணைப்பு பிய்ந்துபோகவில்லை. விரல் நிமிர்ந்த அளவும் கட்டுப்போட்டவர்களுக்கு இணையாக இருந்தது. வலியும் வீக்கமும் சீக்கிரம் குறைந்தன. நோயாளிகள் கிட்டத்தட்ட மூன்று வாரம் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு மூன்று வாரம் என்பது ஒரு நடவு அல்லது ஓர் அறுவடை.

இந்த முறையில் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை குறையவில்லை, இடம் மாறிவிட்டது. மாவுக்கட்டு இருந்த காலத்தில் தவறு நடக்காமல் பார்த்துக்கொண்டது மாவுதான். இப்போது இரண்டாம் நாளில் ஸ்பிளின்ட்டைக் கழற்றி அசைக்கும் நோயாளிக்கு எந்தத் தசையை அழைக்கவேண்டும் என்பது அறுவைக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். அதனால் மாற்றப்போகும் தசையை மட்டும் தனியாக இயக்கும் பயிற்சி முன்கூட்டியே நடக்கிறது. மோதிரவிரலின் நடுக்கணுவை மட்டும் மடக்கு, மற்ற விரல்களைப் பிசியோதெரபிஸ்ட் பிடித்துக்கொள்வார். அல்லது விரல்களைத் தளரவிட்டு மணிக்கட்டை மட்டும் தூக்கு. சிலருக்கு ஒரு மாலையில் வந்துவிடும். சிலருக்கு வாரம் ஆகும். அதுவரை அறுவையைத் தள்ளிவைப்பதும் உண்டு. கனடாவின் அறுவை மருத்துவர் டொனால்ட் லலோண்ட் பரப்பிவரும் முறையில் நோயாளிக்கு முழு மயக்கமே கொடுப்பதில்லை. இடத்தை மட்டும் மரக்கவைத்து, தசைநாணை இணைத்தபின், தோலைத் தைப்பதற்கு முன் மேசையிலேயே "இப்ப மடக்குங்க, இப்ப நீட்டுங்க" என்று கேட்கிறார்கள். இழுவிசை கூடவா குறைவா என்பது அங்கேயே தெரிந்து, தையலைத் திருத்திக்கொள்ளலாம். தான் அசைத்ததைத் தன் கண்ணால் பார்த்த நோயாளிக்கு மறுநாள் பயிற்சியில் பாதிப் பாடம் தெரிந்திருக்கும்.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியர்கள். ஆரம்பத்திலேயே மாத்திரை தொடங்கினால் பெரும்பாலானோருக்குக் கை கெடாது. தாமதமாக வருபவர்களுக்காக வேலூரை அடுத்த கரிகிரி போன்ற மையங்களில் விரல் மாவுக்கட்டுகள் இன்னும் போடப்படுகின்றன, சில நாளுக்கு ஒருமுறை, சில டிகிரி வீதம்.